மூன்றாம் தண்ணிக்கு முன்னே

காய்ச்சல் விட்ட பிறகுதான் எனக்கு உடம்பு கெட்டது. சொன்னால் சிரிக்கிறார்கள், நடந்தது அதுதான். காய்ச்சல் இருந்தவரை நான் கௌரவமாகவே படுத்திருந்தேன். கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடித்தார்கள். முழங்கால், மணிக்கட்டு, முதுகு என்று ஒவ்வொரு மூட்டாகக் கழற்றிப் போட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் விட்டுவிட்டுப் போனார்கள். பார்க்க வந்தவர்கள் செருப்பை மெதுவாகக் கழற்றி, குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். பிறகு காய்ச்சல் இறங்கியது, வயிறு ஆரம்பித்தது. வயிற்றால் போகிறவனிடம் யாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதில்லை. தெருவில் போகிறவர்கள்கூட, "இன்னா சார், இன்னிக்கு எத்தினி வாட்டி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அப்போது நான் சித்தூரில் ஒரு கமிட்டிப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவுக்குத் தற்காலிக வாத்தியார். என் ஊர் புத்தூருக்கும் நாகலாபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஆந்திரா தனி ராஜ்யமாகிவிட்டது. எல்லைக் கோடு எங்கள் ஏரிக்கு இந்தப் பக்கம் விழுமா, அந்தப் பக்கம் விழுமா என்று யாருக்கும் தெரியாது. டீக்கடையில் இரண்டு கட்சி. காலையில் ஆந்திராவில் டீ குடித்தவர் சாயங்காலம் மெட்ராசில் குடிப்பார், அதே கடையில், அதே பெஞ்சில் உட்கார்ந்து. இன்னும் அப்படித்தான் குடிக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். ஆனால் அப்போது நான் அதைச் சொல்லாத நாள் இல்லை. ஊருக்குப் போனால் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கல்வியின் அவசியத்தை எடுத்துச் சொல்வேன். அவர்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பார்கள். மாடு இழுத்தால்தான் நகர்வார்கள். மாடு இழுக்கட்டும் என்று காத்திருந்தார்கள் என்பது இப்போதுதான் தோன்றுகிறது.

அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் மட்டும் மசியவில்லை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் முதல் மணி அடிப்பவர் வரைக்கும் என்னை சார் என்றுதான் கூப்பிட்டார்கள். நைனாவுக்கு நான் "டேய்"தான். ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவர் வைக்கோலை உதறிக்கொண்டே சொன்னார்: "டெம்பரவரின்னா பாதி சாருடா. முழு சாரு ஆவு, அப்பால பாக்கலாம்."

முழு சார் ஆவதற்கு ஒரே ஒரு வழி இருந்தது. எங்கள் கமிட்டியின் பெரிய ஆபீசு திருப்பதியில். அங்கே போய், மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து, தெலுங்கில் வாய்மொழித் தேர்வு கொடுக்க வேண்டும். தேறினால் நிரந்தரம். அந்த நாளில் வராதவனுக்கு மறு தேதி கிடையாது, அவன் இடம் அடுத்தவனுக்கு. அடுத்தவன் யார் என்பதும் எனக்குத் தெரியும்; ரேணிகுண்டாவில் ஒருவன் தயாராகக் காத்திருந்தான். இந்த வேலை போனால் எனக்கு வேறு கதி இல்லை. படிக்கப் போனதால் ஏர் பிடிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. ஒருமுறை பிடித்துப் பார்த்ததில் காளைகள் நின்று திரும்பிப் பார்த்தன.

தெலுங்கு எனக்குத் தெரியாது என்றில்லை. சந்தையில் பேசிய தெலுங்கு, மாடு வாங்கப் போன இடத்துத் தெலுங்கு, பக்கத்து வீட்டோடு சண்டை போட்ட தெலுங்கு எல்லாம் இருந்தது. ஆனால் தேர்வுக்கு அது ஆகாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. புத்தகத்திலிருந்து கெட்டிச் சொல்லாகப் பொறுக்கி, 'ஆசிரியனின் கடமை' என்று ஒரு சொற்பொழிவு தயாரித்து, கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்தேன். அதில் சில சொற்களுக்கு எனக்கே பொருள் தெரியாது. சத்தம் நன்றாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் காய்ச்சல். அந்த வருஷம் மழை தொடங்கியதும் சித்தூரில் வீட்டுக்கு வீடு அது வந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் என்னைப் பார்த்து, இது டெங்கு, கொசுவால் வருவது, எலும்பெல்லாம் முறிவதுபோல் வலிக்கும், ஆனால் முறியாது என்றார். காய்ச்சல் விட்ட பிறகும் பலவீனம் நெடுநாள் இருக்கும், நிறையத் தண்ணீரும் உப்புப் போட்ட கஞ்சியும் குடி, படுத்துக்கிட என்று சொல்லி, காகிதத்தில் அளவு வெட்டி ஒட்டிய ஒரு மருந்து மிக்சர் பாட்டிலைக் கொடுத்தனுப்பினார். நான் மிகவும் பெருமையாகத் திரும்பி வந்தேன். பெயருள்ள நோய் எங்கள் குடும்பத்தில் அதுவரை யாருக்கும் வந்ததில்லை.

அந்தப் பெருமை ஒருநாள்கூட நிற்கவில்லை. காய்ச்சல் இறங்குகிற சமயத்தில் கையிலும் மார்பிலும் சிவப்பாகத் தடித்துக்கொண்டது. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மா தெலுங்குக்காரர். அவரும் வந்து எட்டிப் பார்த்து, "அம்மவாரு வச்சிந்தி" என்றார். அம்மை வந்துவிட்டது, அதாவது தாயே வந்துவிட்டாள் என்று அர்த்தம். இருவருக்கும் அதுவரை கிணற்றடி வாளியைப் பற்றிச் சச்சரவு. அன்றோடு சமாதானமாகிவிட்டார்கள். இரண்டு பாஷையிலும் ஒரே தீர்ப்பு.

நான் படுத்தபடியே அம்மைக்கும் டெங்குவுக்கும் உள்ள வேற்றுமைகளை விளக்கினேன். கொப்புளம் இல்லை பார், வெறும் தடிப்புதான் என்றேன். அம்மா என் வாயைப் பொத்தி, "தாயி, படிச்ச புள்ள, தெரியாம பேசறான், மனசுல வெச்சிக்காத" என்று என் மார்பைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள்.

அப்புறம் வாசலில் வேப்பிலை. மிக்சர் பாட்டில் பரண்மேல். வீட்டில் தாளிப்பு நின்றது. தாயி சூட்டில் வருகிறவள், அவளைக் குளிர்விக்க வேண்டும். காலையில் இளநீர், பிறகு கேழ்வரகுக் கூழ், அதன்மேல் மோர், மத்தியானம் நீராகாரம், சாயங்காலம் மறுபடியும் இளநீர். வயிறு கழன்றுகொண்டது. அதற்கு வீட்டுக்கார அம்மா மாதுளம் பழத்தோலைக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். அது நிற்கவைத்தது. நின்றதைப் பார்த்து அம்மா பயந்துபோய், உள்ளே சூடு சேர்ந்துவிட்டது என்று மறுபடியும் மோர் கொடுத்தாள். இரண்டு பேரும் வெளியே போன சமயம் நான் பரணில் ஏறி மிக்சரைக் குடித்தேன். ஏறி இறங்கியதில் தலை சுற்றி, பரணுக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டேன். எல்லார் சொன்னதையும் நான் கேட்டேன். என் வயிறுதான் யார் சொன்னதையும் கேட்கவில்லை.

இதில் எனக்கு மட்டுமே தெரிந்த வேதனை ஒன்று இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் சுகாதார வாரம் கொண்டாடியபோது முக்கியப் பேச்சாளன் நான். கொதிக்க வைத்த தண்ணீர், மூடி வைத்த உணவு, கை கழுவுதல் என்று வெளுத்து வாங்கினேன். ஈயின் காலைக் கரும்பலகை கொள்ளாத அளவுக்கு வரைந்து, அதில் ஒட்டியிருக்கிற அசுத்தத்தைப் புள்ளி புள்ளியாகக் காட்டினேன். கேட்ட பையன்களில் பாதிப் பேர் நான் குடியிருந்த வளவின் மற்ற வீடுகளில்தான் இருந்தார்கள். அந்த வளவுக்குப் பின்புறம் ஒரே ஒரு கக்கூசு. நான் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதெல்லாம் அவர்கள் கோலி விளையாட்டை நிறுத்தி, மரியாதையாக எழுந்து நின்றார்கள். எழுந்து நிற்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

பலவீனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்து நாலு வயது ஆள் நான். அப்பளத்தை உடைக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. எழுந்து நின்றால் சுவர் நடக்கும், நான் நிற்பேன். சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்ததும் படுத்து இளைப்பாறுவேன். சொற்பொழிவை மறந்துவிடக் கூடாதே என்று தினமும் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன்; முதல் வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கும். அம்மா அதை சுலோகம் என்று நினைத்து, நான் முடிக்கும்போதெல்லாம் கும்பிட்டாள்.

எங்கள் பக்கத்தில் அம்மை இறங்கினால் மூன்று தண்ணி ஊற்ற வேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள், இடைவெளி விட்டு மூன்று முறை. மூன்றாம் தண்ணி ஊற்றுகிற வரைக்கும் படி தாண்டக் கூடாது. எனக்கு இரண்டு தண்ணி ஆகியிருந்தது. மூன்றாவதற்கு நாள் பார்த்ததில், அது தேர்வுக்கு அடுத்த நாள் வந்து விழுந்தது.

நான் போயே தீருவேன் என்றேன். அம்மா போகவே கூடாது என்றாள். தாயி உடம்பில் இருக்கும்போது எல்லையைத் தாண்டினால் கண்ணைக் குத்திவிடுவாள் என்றாள். நான் ரேணிகுண்டாக்காரனைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள் என்றாள். அன்று ஊரிலிருந்து வந்திறங்கிய நைனா இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுப் பீடியைப் பற்ற வைத்தார். வீட்டுக்கார அம்மாதான் பஞ்சாயத்துப் பேசினார்: தாயியிடமே உத்தரவு கேட்டுவிட்டால் போயிற்று. அம்மா மஞ்சள் தண்ணீர்ச் செம்பின் முன்னால் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் அடுப்புக்கு நெருப்புக் கேட்பவள் மாதிரி பேசினாள்: "பரீச்சைக்குப் போய்ட்டு வந்துடுவான் தாயி. முழு சாரா ஆவணுமாம். நாளிக்கு ஒரு நாளு பொறுத்துக்கோ."

தாயி மறுப்பு ஏதும் சொல்லாததால் உத்தரவு ஆயிற்று. ஆனால் நிபந்தனை உண்டு. இடுப்பில் ஒரு கொத்து வேப்பிலை, சட்டைப் பையில் ஒரு கொத்து. வழியில் கூழும் மோரும் தவிர எதையும் தொடக்கூடாது. நைனா கூடப் போக வேண்டும். நான் பகுத்தறிவுக்காரன், வேப்பிலை வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வயிறு கூப்பிட்டது. திரும்பி வந்தபோது இரண்டு கொத்தும் செருகித் தயாராக இருந்த சட்டையும் வேட்டியும் கொடியில் தொங்கின. (மூன்றாம் தண்ணியைத் தேர்வுக்கு மறுநாள் ஊற்றினாள். தாயி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.)

பஸ்ஸில் போவதா ரயிலிலா என்று நான் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். பஸ் சீக்கிரம் போகும், ஆனால் நடுவழியில் நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். ரயில் மெதுவாகப் போகும், ஆனால் அதில் கக்கூசு இருக்கிறது. படிப்பு எதற்குப் பயன்படுகிறது என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்வேன். விடியலில் சித்தூர் ஸ்டேஷனில் ஏறினோம். நைனா ஒரு கையில் செம்பு, இன்னொரு கையில் மோர்த் தூக்கு. நான் கதவுக்குப் பக்கத்திலேயே, கக்கூசுக்கு எதிரில் இடம் பிடித்தேன். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு.

பாகாலா வரைக்கும் ஒன்றுமில்லை. அங்கே திருமலைக்குப் போகிற கூட்டம் ஏறியது. மூட்டை, பிள்ளைகள், மஞ்சள் துணி, கோவிந்தா. வண்டி நகர்ந்ததும் என் வயிறும் நகர்ந்தது. எழுந்து கதவைத் தள்ளினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பொறுத்துப் பார்த்தேன். பிறகு தட்டினேன். உள்ளே ஆள் இருக்கிற அசைவு கேட்டது, பதில் இல்லை.

"ஐயா, தாங்கள் தயவுசெய்து கதவைத் திறக்க வேண்டும். மிகவும் அவசரம்" என்றேன்.

அசைவும் நின்றுவிட்டது. தெலுங்குக்காரராக இருக்கலாம் என்று, "தயசேசி தலுப்பு தீயண்டி" என்றேன், அதே மரியாதையோடு. உள்ளே தாழ்ப்பாளை இன்னும் இறுக்கித் தள்ளுகிற சத்தம். கடைசியாக, வயிறு முறுக்கிய முறுக்கில், இங்கிலீஷிலும் சொன்னேன். உள்ளே யாரோ மெல்லிய குரலில் ஏழுமலையானைக் கூப்பிட்டார்கள்.

நான் வியர்த்து, கதவின்மேல் நெற்றியை வைத்துச் சாய்ந்தேன். நைனா எழுந்து வந்தார். என்னை ஒதுக்கிவிட்டு, கதவில் செம்பால் ஒரு தட்டு தட்டினார்.

"யோவ், தொறய்யா. எம் புள்ளைக்கு வயித்தால போய்க்கினு கீது. இன்னும் செத்த நேரம் போனா இங்கியே போயிடுவான்."

உடனே திறந்தது. உள்ளே இருந்தவர் முடி காணிக்கைக்காகத் தாடியும் சடையுமாக வளர்த்த ஆள், கழுத்தில் துளசி மாலை. அவரை இடித்துக்கொண்டு நான் உள்ளே போய்விட்டதால் அவர் சொன்னதைக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்துதான் கேட்டேன். அவருக்கு டிக்கெட் இல்லை. பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு டிக்கெட் இல்லாமல் வருவதாகச் சொன்னார். அதுவும் வேண்டுதலில் சேர்த்தியா என்று நைனா கேட்டார். "டிக்கெட் பாக்கறவர்னு நெனச்சிட்டன் சாமி. அவங்கதான் அவ்ளோ மரியாதயா பேசுவாங்க. மூணு பாசையில வேற கேட்டுட்டாரு. பெரிய ஆபீசருன்னு கொல நடுங்கிப் போச்சி."

அதற்குப் பிறகு திருப்பதி வரைக்கும் நாங்கள் இருவரும் அந்தக் கக்கூசை முறை வைத்து ஆண்டோம். நான் வெளியே வந்தால் அவர் உள்ளே போவார். நைனா செம்பால் ஒரு தட்டு தட்டினால் அவர் வெளியே வந்து எனக்கு வழி விடுவார். ராஜ்யங்களின் எல்லைத் தகராறு இழுத்துக்கொண்டே போகிறது. எங்களுடையது பாகாலா தாண்டியதும் தீர்ந்துவிட்டது. சந்திரகிரியில் அவர் தன் மூட்டையிலிருந்து பொட்டுக்கடலை எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கப் போனேன். நைனா என் கையில் அடித்தார்.

திருப்பதியில் இறங்கி ஆபீசுக்கு நடந்தோம். தூரம் அதிகமில்லை என்று சொன்னார்கள். நல்ல காலில் இருப்பவர்கள் சொல்கிற தூரம் அது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசியவர்கள் என்னைத் தாண்டிக்கொண்டே போனார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்த ஒருத்தியும் தாண்டினாள். நைனா குனிந்து, முதுகில் ஏறிக்கொள் என்றார். தேர்வுக்குப் போகிறவன் அப்பன் முதுகில் போய் இறங்குவதா என்று மறுத்துவிட்டு, ஒவ்வொரு கடையாக விலை விசாரிப்பவன்போல் நின்று நின்று போனேன். ஒரு பாத்திரக் கடைக்காரர் உண்மையாகவே ஒரு அண்டாவை இறக்கிக் காட்டினார்.

ஆபீசு வராந்தாவில் காத்திருக்கும்போது மோரைக் குடித்து, மனத்துக்குள் சொற்பொழிவை ஓட்டினேன். எனக்குப் பின்னால் இன்னொருவன், புது வேட்டி கட்டி, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தான். அவன் ரேணிகுண்டாக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று வெறுத்தேன். பேர் கூப்பிட்டார்கள். நைனா என்னிடம், "கைய கட்டிக்கினு நில்லு. துருதுருன்னு பேசாத" என்றார்.

உள்ளே நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர், கனத்த உடம்பு. ஒரு பக்கம் தெலுங்குப் பண்டிதர். மறுபக்கம் சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருக்கிற கமிட்டி உறுப்பினர். உட்காரச் சொன்னார்கள். பண்டிதர், ஆசிரியனின் கடமை என்ன என்று கேட்டார். அதேதான். நான் எழுதி வைத்த அதே தலைப்பு. தெய்வம் இருக்கிறது என்று அந்த நொடியில் நம்பினேன்.

"கௌரவநீயுலைன பெத்தலாரா", மதிப்புக்குரிய பெரியோர்களே, என்று தொடங்கினேன். அடுத்த சொல் வரவில்லை. அது எங்கே இருந்ததோ அந்த இடத்தில் வெறும் சத்தம் மட்டும் இருந்தது. மறுபடியும் "கௌரவநீயுலைன" என்றேன். மண்டிக்காரர் தலையாட்டி உற்சாகப்படுத்தினார். நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது. துடைத்துக்கொள்ளச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தேன்.

வேப்பிலைக் கொத்து அதோடு வந்து மேசையில் விழுந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு என் கையைப் பார்த்தார்கள். சட்டைக் கை மேலே ஏறி, தடிப்பெல்லாம் தெரிந்தது. மூன்று நாற்காலியும் ஒரே நேரத்தில் பின்னால் போயின. பண்டிதர் அங்கவஸ்திரத்தால் மூக்கை மூடிக்கொண்டு, "அம்மவாரா?" என்றார். தலைவர் வெளியே போகச் சொல்லிக் கையை வீசினார், என்னைப் பார்க்காமலே.

வெளியே போனால் முடிந்தது. வராந்தாவில் புது வேட்டிக்காரன் இருக்கிறான், அவனுக்குப் பக்கத்தில் செம்போடு நைனா இருக்கிறார். எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் மேசையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது என் வாயிலிருந்து தெலுங்கு வந்தது. புத்தகத் தெலுங்கு இல்லை. மாட்டுச் சந்தையில், பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு வயசு அதிகம் என்று சொல்பவனிடம் பேசுகிற தெலுங்கு. ஐயா, இது அம்மவாரு இல்லை, சித்தூர் ஆஸ்பத்திரி டாக்டரையே கேளுங்கள், கொசுக் காய்ச்சல், ஊரெல்லாம் இருக்கிறது, காய்ச்சல் விட்டு நாளாயிற்று, இப்போது இருப்பது வயிறு மட்டும்தான் என்றேன். வேப்பிலை அம்மா வைத்தது, நான் வைக்கவில்லை என்றேன். இளநீர், கூழ், மோர், மாதுளந்தோல், பரண்மேல் மிக்சர், பரணுக்குக் கீழே நான் என்று வரிசையாக வந்தது. நிறுத்தினால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நிறுத்தாமல் பேசினேன். ரயில் கக்கூசில் இருந்த சடைக்காரரையும் சொன்னேன். மூன்று பாஷையில் மரியாதையாகக் கேட்டும் திறக்காதவர், அப்பன் செம்பால் தட்டியதும் திறந்ததைச் சொன்னேன்.

மண்டிக்காரர்தான் முதலில் சிரித்தார். அவர் மருமகனுக்கும் அதே தடிப்பு வந்து போயிற்றாம். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, மாதுளந்தோல் தப்பு, சுக்கும் வெல்லமும்தான் கேட்கும் என்றார். பண்டிதர் மூக்கிலிருந்து துணியை எடுத்துவிட்டு, வெல்லம் விற்பவர் வேறென்ன சொல்வார், வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் கொடுப்பதுதான் சரி என்றார். தலைவர் ஜவ்வரிசிக் கஞ்சிக் கட்சி. கொஞ்ச நேரம் மூவரும் என்னை மறந்துவிட்டு அவரவர் வயிற்றின் பழைய வரலாறுகளைச் சொல்லிக்கொண்டார்கள். பண்டிதரின் தெலுங்கும் அப்போது புத்தகத் தெலுங்காக இல்லை. நடுநடுவே என்னிடம் விவரம் கேட்டார்கள். கூழ் புளித்ததா புளிக்காததா, மோரில் உப்பு உண்டா. நான் பதில் சொன்னேன். உப்புப் போட்ட கஞ்சி என்று டாக்டர் சொன்னதைச் சொன்னபோது, அது நல்லது என்று மூவரும் ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

இதற்கு நடுவில் என் வயிறு மறுபடியும் முறுக்கியது. இந்த முறை எச்சரிக்கை இல்லாமல், நேராக. நான் எழுந்தேன். போக வேண்டும் என்றேன்.

"எக்கடிக்கி?" என்றார் தலைவர். எங்கே என்று.

அதற்குப் புத்தகத்தில் ஒரு நல்ல சொல் இருந்தது, படித்திருக்கிறேன். அது வரவில்லை. சின்னப் பிள்ளைகள் கையைப் பின்னால் காட்டிச் சொல்வது ஒன்று உண்டே, அதுதான் வந்தது. கையும் தானாகவே பின்னால் போயிற்று.

மண்டிக்காரர் மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே குமாஸ்தாவிடம் சொன்னார்: "சாலு, சாலு. தெலுகு வச்சு. பர்மனெண்டு ராசுகோ." போதும், தெலுங்கு தெரிகிறது, நிரந்தரம் என்று எழுதிக்கொள். பண்டிதர் மட்டும் ஆசிரியனின் கடமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று முனகினார். தலைவர் என்னைப் பார்த்து, "வெள்ளு நாயனா, வெள்ளு" என்று விரட்டினார். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கால் முன்னாலேயே கிளம்பிவிட்டது.

வராந்தாவில் நைனா எழுந்து நின்றிருந்தார். உள்ளே கேட்ட சிரிப்பில் அவர் முகம் இருண்டிருந்தது. "இன்னாடா ஆச்சி?" என்றார். நான் அவரைத் தாண்டி ஓடினேன். ஆபீசுக்குப் பின்புறம் தகரக் கதவு போட்ட ஒரு கக்கூசு இருந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான், செம்பு அவரிடம் இருப்பது நினைவுக்கு வந்தது.

அவர் பின்னாலேயே வந்துவிட்டார். தகரத்தில் செம்பு தட்டுகிற சத்தம். கதவுக்கும் நிலைக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் செம்பை உள்ளே தள்ளினார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இந்தக் கேள்வியை மூடிய தகரக் கதவைப் பார்த்துக் கேட்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும்.

"ஆயிட்டியா, இல்லியா?"

"ஆயிட்டேன் நைனா."

"பர்மனெண்டா?"

"பர்மனெண்டு. எழுதிக்கச் சொல்லிட்டாங்க."

நான் உட்கார்ந்தபடியே எங்கள் குடும்பத்தின் முதல் நிரந்தர உத்தியோகஸ்தனாக இருந்தேன். இடுப்பில் மீதி வேப்பிலை குத்தியது.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு காலடி அவசரமாக வந்து நின்றது. புது வேட்டிக்காரனாகத்தான் இருக்கும். அடுத்த பேர் அவனுடையது, பயத்தில் அவனுக்கும் வயிற்றைக் கலக்கியிருக்கிறது. அவன் கதவில் கை வைத்தான். தகரம் ஆடியது.

"இருப்பா" என்றார் நைனா. "சார் உள்ள கீறாரு. வந்துடுவாரு."

எனக்கு வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தேன்.